லிச்சி மரத்துக் கதையைப் புத்தகமாக்கும் முன்

கேள்வி: மொரீஷியஸின் தெற்கே, ரோஸ் பெல் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். என் மூன்றாம் கிரேடு மாணவர்களுக்காக ஒரு கதை எழுதியிருக்கிறேன். வள்ளி என்ற சிறுமி, அவளுடைய தாத்தா, அவர்கள் வீட்டு லிச்சி மரம், அதைத் தேடி வரும் ஒரு வௌவால் ஆகியவை பற்றிய கதை; ஏறக்குறைய 1800 சொற்கள். செந்தமிழில்தான் இருக்க வேண்டும் என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியர். பேச்சுத் தமிழில் எழுதினால்தான் குழந்தைகள் ஒட்டுவார்கள் என்கிறார் சென்னையில் உள்ள உறவினர். எங்கள் வீட்டுப் பேச்சுமொழியான கிரியோலையும் சேர்க்கலாமா? சில படங்களை இணையத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சிலவற்றை என் அக்கா மகன் வரைந்தான். சென்னையில் ஒரு பதிப்பகம் 500 படிகள் அச்சிட்டுத் தர 70,000 இந்திய ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா? கையெழுத்துப் படியை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கையெழுத்துப் படியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணால் படித்தேன்; இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தேன். கண்ணால் படித்தபோது தாத்தாவின் பிடிவாதமும் வள்ளியின் பதற்றமும் என்னைத் தொட்டன. வாய்விட்டுப் படித்தபோது மூன்றாம் பக்கத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. மொழி, படம், பணம் என்று மூன்று திசைகளில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை வீட்டில் யார் கையில் எடுத்து, யாருக்குப் படித்துக் காட்டப் போகிறார் என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வகுப்பறையில் நீங்கள் படித்துக் காட்டுவீர்கள். அதில் எனக்குக் கவலை இல்லை. புத்தகம் பையில் ஏறி வீட்டுக்குப் போன பிறகு நடப்பதுதான் என் கவலை. நம் ஊரில் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை கிரியோலில் கனவு காண்கிறது, தொலைக்காட்சியில் பிரெஞ்சு கேட்கிறது, பள்ளிப் பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிறது. தமிழ் அதற்குத் தேவாரமாகவும், காவடித் திருநாளாகவும், நீங்கள் எடுக்கும் பாடவேளையாகவும், ரூபாய் நோட்டில் அச்சான சில எழுத்துகளாகவும் வந்து சேர்கிறது. முத்துசாமி என்ற குடும்பப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் நாள்தோறும் எழுதும் குழந்தைக்கு, அதற்குள் 'முத்து' என்ற சொல் இருப்பதே யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரிகிறது. அந்தக் குழந்தையின் தாய், தாமும் பள்ளியில் தமிழ் படித்தவராக இருந்தால்கூட, இன்று எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். இரவு விளக்கின் கீழே அந்தப் புத்தகத்தைத் திறக்கப் போகிறவர் அவரே. இரண்டு வரிக்குள் அவர் தடுமாறிவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைத்துவிடுவார். குழந்தையும் அதன் பிறகு அதைக் கேட்காது. ஆகவே உங்கள் புத்தகத்தின் முதல் வாசகர் எட்டு வயதுக் குழந்தை அன்று, தமிழ் எழுத்தை மெல்லக் கூட்டி வாசிக்கும் ஒரு தாய் என்று வைத்துக்கொண்டு கதையைத் திரும்ப எழுதுங்கள் என்பதே நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி.

இப்போது செந்தமிழா, பேச்சுத் தமிழா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொல்வது சென்னைக்குச் சரி. அங்கே குழந்தை காது நிறையத் தமிழோடுதான் புத்தகத்துக்கு வருகிறது; 'வந்துட்டான்', 'பாத்தியா' என்பவை அதற்கு வீட்டுச் சொற்கள், 'வந்துவிட்டான்' என்பதுதான் புதிது. நம் குழந்தைக்கு இது தலைகீழ். அது பாடநூல் வழியாகத்தான் தமிழைச் சந்தித்திருக்கிறது. 'வந்துவிட்டான்' என்பதை எழுதிப் பழகியிருக்கிறது. 'வந்துட்டான்' என்பதை எங்கும் பார்த்ததில்லை. பேச்சுத் தமிழில் எழுதினால் நாம் கதையை எளிமையாக்குவதில்லை, மூன்றாவதாக ஓர் அயல்மொழியைச் சேர்த்துவிடுகிறோம். ஆகவே எழுத்துத் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் எழுத்துத் தமிழ் வேறு, உங்கள் உடன் ஆசிரியர் மனத்தில் வைத்திருக்கும் அணிநடை வேறு. உங்கள் படியிலிருந்தே ஒரு வாக்கியத்தைக் காட்டுகிறேன்:

'மாலை மயங்கிய வேளையில், தாத்தாவின் தோட்டத்தில் காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த லிச்சி மரத்தின் மீது விரிக்கப்பட்டிருந்த வலையினுள் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த வௌவாலைக் கண்ட வள்ளியின் மனம் பதைபதைத்தது.'

இலக்கணப் பிழை எதுவும் இதில் இல்லை. பெரியவர்களுக்கான சிறுகதையில் இது நன்றாகவே நிற்கும். ஆனால் மயங்கிய, குலுங்கிக்கொண்டிருந்த, விரிக்கப்பட்டிருந்த, தவித்துக்கொண்டிருந்த, கண்ட என்று ஐந்து பெயரெச்சங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், 'பதைபதைத்தது' என்ற சொல் வரும் வரை கேட்கும் குழந்தை எதையும் முடித்துக்கொள்ள முடியாமல் எல்லாவற்றையும் நினைவில் சுமந்து நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் காதுக்குப் பழகிய குழந்தைக்கே இது சுமை. இதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

தாத்தா மரத்தின் மேல் வலை போட்டார்.
இரவு வந்தது.
படபட... படபட...
வலை ஆடியது.
மேலே யார்?

இங்கே பக்கம் முடிந்துவிட வேண்டும். விடை அடுத்த பக்கத்தில், படமாக இருக்க வேண்டும். வவ்வால் என்ற சொல்லையே இந்தப் பக்கத்தில் நான் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். குழந்தை தாளைத் திருப்பித் தானே கண்டுபிடித்து, வாய் திறந்து சொல்ல வேண்டிய சொல் அது.

அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். நீங்கள் 'வௌவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியான வடிவமே. ஆனால் ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், புதிதாகப் படிக்கும் குழந்தை அதை 'வெளவால்' என்றுதான் கூட்டும். பெரியவர்களே அப்படித் தட்டச்சு செய்வதைப் பார்த்திருக்கிறோம். கதையின் நாயகனுடைய பெயரே தடுக்கி விழவைத்தால் மற்றதெல்லாம் வீண். 'வவ்வால்' என்ற வடிவமும் வழக்கில் உள்ளதுதான். அதையே கடைசி வரை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல், சேர்த்து எழுதிய சொற்களைப் பொருள் கெடாத இடங்களில் பிரித்துவிடுங்கள்: 'வேண்டுமென்றாள்' என்பதை 'வேண்டும் என்றாள்' என்றும், 'ஓடிவந்துகொண்டிருந்தான்' என்பதை 'ஓடி வந்தான்' என்றும் எழுதலாம். வல்லினம் மிகும் இடங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். எளிமைக்காக ஒற்றை நீக்கும் பழக்கம் சில சிறுவர் புத்தகங்களில் உண்டு. வகுப்பில் நீங்கள் கற்பிப்பதும் கதையில் அச்சாகியிருப்பதும் முரண்பட்டால் குழந்தை இரண்டையும் நம்பாது.

'படபட' என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. இரட்டைக்கிளவி தமிழ்ச் சிறுவர் எழுத்தின் பெரும் செல்வம். பொருள் தெரியாத காதுக்கும் ஒலியாலேயே எட்டிவிடும். நம் குழந்தைகளுக்கு அது இன்னும் அருகில் இருக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய கிரியோலும் சொல்லை இரட்டித்துப் பேசும் மொழி. மெல்ல மெல்ல என்பதற்கு 'துஸ்மான்-துஸ்மான்' என்றும், லேசாகச் சிவந்தது என்பதற்கு 'ரூஸ்-ரூஸ்' என்றும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் படபட, சலசல, கிசுகிசு என்பவை அயலாகத் தோன்றுவதில்லை. என் அனுபவத்தில், வகுப்பே ஒரே குரலில் திரும்பச் சொல்லும் வரி எப்போதும் இப்படிப்பட்ட வரியாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் கதையில் மூன்று நான்கு இடங்களில் இந்தப் 'படபட' திரும்பத் திரும்ப வரட்டும். இரண்டாம் முறை வரும்போதே வாசிக்கத் தயங்கும் தாயும் அந்த வரியில் தடுமாறமாட்டார்.

தமிழ் என்று தெரியாமலே குழந்தைகள் நாள்தோறும் வாயில் வைத்திருக்கும் தமிழ்ச் சொற்களையும் தேடி எடுங்கள். முருங்கைக் கீரையை நம் சந்தையில் 'பிரேத் முரூம்' என்றுதான் விற்கிறார்கள். அந்த முரூமுக்குள் இருப்பது முருங்கைதான். 'ராசோன்' என்று எல்லா இனத்தவரும் குடிப்பது நம் ரசம். உங்கள் கதையில் பாட்டி சமைக்கும் காட்சி ஒன்று இருக்கிறது; அங்கே சாம்பார், பொரியல் என்று எழுதாமல் ரசத்தையும் முருங்கைக் கீரையையும் வைத்துவிட்டால், ஒரு குழந்தையாவது 'இது எங்கள் வீட்டுச் சொல் ஆயிற்றே' என்று கை தூக்கும். அந்தக் கையை நீங்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இன்னொன்றும் தோன்றுகிறது. 'சிராந்தான்' என்று ஒருவர் கேட்க, 'சாம்பெக்' என்று மற்றவர்கள் குரல் கொடுக்கும் கிரியோல் விடுகதை மரபு நம் விடுகதைக்கு உடன்பிறந்ததுபோல் இருக்கிறது. நிற்கும் தண்ணீர் எது என்றால் கரும்பு, தொங்கும் தண்ணீர் எது என்றால் தேங்காய். தாத்தா தோட்டத்தில் வள்ளியிடம் இந்த இரண்டையும் தமிழில் கேட்கலாம். விடையைக் குழந்தைகள் ஏற்கெனவே அறிந்திருப்பதால் கேள்வியின் தமிழைத் தாமாகவே புரிந்துகொள்வார்கள். பின்னால் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வவ்வாலுக்கு வள்ளியே ஒரு புதிய விடுகதை கட்டலாம்.

கிரியோலைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு, சேருங்கள், ஆனால் தமிழ் வரிக்குக் கீழே சேர்க்காதீர்கள் என்பது என் விடை. உங்கள் உடன் ஆசிரியரின் அச்சம் எனக்குப் புரிகிறது. 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோலும் விருப்பப் பாடமாகிவிட்டதால், அதைத் தமிழுக்குப் போட்டியாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டு மொழியில் கதை புரிந்த தாய்தான் தமிழில் அதைத் துணிந்து வாசிப்பார். ஆயினும் ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் இருந்தால் கண் எளியதற்குத்தான் ஓடும். அது கண்ணின் இயல்பு. ஆகவே கதை முழுவதும் தமிழ் மட்டும் இருக்கட்டும். கடைசி இரண்டு பக்கங்களில், பக்க எண்களோடு, கிரியோல் மொழிபெயர்ப்பையும் தமிழ் வரிகளின் ரோமன் ஒலிபெயர்ப்பையும் கொடுங்கள். ஒலிபெயர்ப்பை நம் குடும்பப் பெயர்களை எழுதும் பிரெஞ்சு முறையிலேயே அமையுங்கள். தமிழறிஞர்கள் பயன்படுத்தும் புள்ளியும் கோடும் இட்ட முறை வீட்டில் யாருக்கும் உதவாது. உங்கள் குரலிலேயே கதையைப் பதிவு செய்து, கைப்பேசியில் திறக்கும் கியூஆர் குறியாகப் பின்னட்டையில் இட்டால், ழகரத்தை எப்படி ஒலிப்பது என்ற தாயின் தயக்கமும் தீரும்.

அளவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவது அழகுக்காக அன்று; பெரிய அச்சுத்தாளை மடித்தால் 16, 32 என்ற கணக்கில்தான் பக்கங்கள் கிடைக்கின்றன. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் போன்றவை போக, எதிரெதிராகத் திறக்கும் ஏறக்குறைய 14 இரட்டைப் பக்கங்கள் கதைக்குக் கிடைக்கும். 1800 சொற்களை அவற்றில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 130 சொற்கள் அளவுக்கு அடைந்துகொள்ளும். படத்துக்கு இடமே இராது. 300 சொற்களுக்குள் கொண்டுவாருங்கள். சிறிய பதிப்பாக, நடுவில் கம்பி தைத்து வெளியிடுவதானால் 16 அல்லது 24 பக்கங்களும் போதும். எண்ணிக்கை நான்கால் வகுபடுவதாக இருந்தால் சரி. பெரிய வெட்டு என்று நீங்கள் திகைப்பீர்கள். ஆனால் லிச்சி சிவப்பாக இருந்தது, தாத்தாவுக்குத் தாடி உண்டு, வானத்தில் நிலா இருந்தது என்பவற்றையெல்லாம் படம் சொல்லிவிடும். படத்தில் தெரியும் எதையும் வரியில் எழுதாமலிருந்தால் பாதி நீளம் தானாகவே குறைந்துவிடும்.

மீதிக் குறைப்பு உங்கள் படியின் கடைசி இரண்டு பக்கங்களில் கிடைக்கும். அங்கே தாத்தா இயற்கையைக் காப்பது பற்றி நீண்ட உரை ஆற்றுகிறார். அவர் சொல்லும் செய்திகள் உண்மையானவை, முக்கியமானவை. நம் பழந்தின்னி வவ்வால் காட்டு மரங்களின் விதைகளைப் பரப்புகிறது. லிச்சி, மா விவசாயிகளின் இழப்பைக் காரணமாகக் காட்டி 2015 முதல் அரசே அவற்றைக் கொல்லும் நடவடிக்கைகளை மேற்கொண்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் அதன் நிலை முன்னைவிட ஆபத்தானது என்று வகைப்படுத்தியது. இவற்றைப் புத்தகத்தின் இறுதியில் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமான அரைப்பக்கக் குறிப்பாக வைத்துவிடுங்கள். கதைக்குள் உரை வேண்டாம். குழந்தைகள் அறிவுரையை வெறுக்கிறார்கள் என்பதற்காக அன்று. உங்கள் கதையில் தாத்தா தவறு செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு வருட உழைப்பின் பழத்தை அவர் காக்க நினைக்கிறார், வவ்வால் பசிக்கு வருகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் கதை எட்டு வயதுக்குக் கிடைப்பது அரிது. அதை உரையால் ஒரு பக்கம் சாய்த்துவிடாதீர்கள்.

கதையின் முடிவில் மட்டும் எனக்கு உறுதியான மறுப்பு ஒன்று உண்டு. வள்ளி ஏணியில் ஏறி வெறுங்கையால் வவ்வாலைப் பிடித்து விடுவிக்கிறாள். வலையில் சிக்கிய காட்டு விலங்கு கடிக்கும். வவ்வால் கடி நோயையும் தரலாம். கதையில் படித்ததைப் பிள்ளைகள் மரத்தில் செய்து பார்ப்பார்கள், அதுவும் லிச்சிப் பருவமான நவம்பர், டிசம்பர் விடுமுறையில். ஆயினும் சிக்கலைத் தீர்ப்பவள் வள்ளியாகவே இருக்க வேண்டும். பெரியவர் வந்து தீர்த்துவைத்தால் அது குழந்தையின் கதை ஆகாது. இதற்கு வழி வலையிலேயே இருக்கிறது. தளர்ந்து தொங்கும் வலையில்தான் வவ்வால் சிக்கும்; இறுக்கி இழுத்துக் கட்டிய வலையில் அது மோதிவிட்டுப் பறந்துவிடும். வலை எங்கே தளர்ந்து தொங்குகிறது என்பதைக் கவனிப்பவள் வள்ளியாக இருக்கட்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு அறுப்பவரும் இறுக்கிக் கட்டுபவரும் தாத்தாவாக இருக்கட்டும்.

படங்களைப் பற்றி. இணையத்தில் கிடைத்தது என்பதால் ஒரு படம் நம்முடையது ஆகிவிடாது. உரிமம் என்னவென்று எழுதப்படாத படத்தை வகுப்பில் காட்டலாம், புத்தகத்தில் அச்சிடக் கூடாது. அது தவிர, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் வவ்வால் பூச்சி தின்னும் இனம். பெரிய காதும் சிறிய கண்ணும் அதை உடனே காட்டிக்கொடுக்கின்றன. நம்முடையது நரி முகம், பெரிய கண், சிறிய காது. குகையில் வாழாது, மரத்தில் தொங்கும். மரத்தில் அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் நம் தவறை நம்மைவிட விரைவில் கண்டுபிடிப்பார்கள். உங்கள் அக்கா மகனின் கோடுகளில் உயிர் இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் அவரே வரையட்டும் என்பது என் விருப்பம். குடும்பத்துக்குள்தானே என்று எண்ணாமல், படங்களின் உரிமை யாருக்கு, அவர் பெயர் எங்கே வரும், விற்பனையில் பங்கு உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அவர் வயதுக்கு வராதவர் என்றால் உங்கள் அக்காவும் கையொப்பமிட வேண்டும். ஒருவேளை தமிழ்நாட்டு ஓவியரிடம் கொடுப்பதானால் ஒளிப்படங்கள் அனுப்பாமல் கொடுக்காதீர்கள். ஓலை வேய்ந்த வீடும் பனைமரமும் பாவாடை தாவணியுமாக ஒரு தஞ்சாவூர்க் கிராமம் வந்து சேரும். நம் பிள்ளைகளுக்குத் தட்டைக் கூரை வீடும், கரும்புக்குப் பின்னால் நிற்கும் மலையும், பள்ளிச் சீருடையும் தமிழ் எழுத்தோடு ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்பதைக் காணும் வாய்ப்பு மிகக் குறைவு. அதை நாம் கைவிடக் கூடாது.

அச்சில் நான் பட்ட ஒரு துன்பத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காக. பல ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் அச்சகத்தில் சிறுவர் புத்தகம் ஒன்றை அச்சிடக் கொடுத்தேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. கணினித் திரையில் சரியாக இருந்த 'கோழி', அவர்களுடைய மென்பொருளில் திறந்தபோது உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் ககரம் ஒரு பக்கமுமாக அச்சாகிவிட்டது. தமிழில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தட்டச்சாகி முன்னால் தோன்ற வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருள் கொம்புள்ள எந்தச் சொல்லையும் இப்படிச் சிதைக்கும். அச்சிட்ட மாதிரித்தாளைக் கேட்டு வாங்காமல் திரையில் பார்த்ததோடு ஒப்புதல் கொடுத்தது என் பிழை. முந்நூறு படிகளிலும் கையால் ஒட்டுத்தாள் ஒட்டினோம். ஆகவே பழைய எழுத்துருக்களைத் தவிர்த்து யூனிக்கோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்கமாக்கத்தை இன்டிசைன் மென்பொருளில் செய்பவரிடம், இந்திய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக மட்டும் அச்சகத்துக்குக் கொடுங்கள். கொ, கோ, கௌ, கை வரும் ஒவ்வொரு சொல்லையும் அச்சிட்ட தாளில் விரல் வைத்துப் பாருங்கள். எழுத்தளவு 18 புள்ளிக்குக் குறைய வேண்டாம். வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். இரு பக்கமும் இழுத்துச் சமன் செய்தால் சொற்களுக்கிடையே பள்ளம் விழுவதோடு, நீண்ட தமிழ்ச் சொற்கள் வரியிறுதியில் உடையவும் செய்யும்.

இனி அந்த 70,000 ரூபாய். கொடுக்காதீர்கள். எழுத்தாளரிடம் பணம் வாங்கி அச்சிடுவது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அது அச்சுச் சேவை, அந்தப் பெயரில் கேட்டால் நேர்மையான தொழில்தான். ஆனால் உங்களுக்கு வந்த கடிதத்தில் செப்பனிடுதல் பற்றியோ, படிகளை இங்கே கொண்டுவரும் செலவு யாருடையது என்பது பற்றியோ, உரிமை யாரிடம் இருக்கும் என்பது பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. 500 படிகள் வந்து இறங்கினால் அவற்றை எங்கே வைப்பீர்கள்? உங்கள் பகுதி ஈரத்தில் ஒரு மழைக்காலம் கடந்தால் தாள் அலையலையாகிவிடும். முறையான படக்கதைப் பதிப்பகங்கள் எழுத்தாளரிடம் பணம் கேட்பதில்லை, எழுத்தாளருக்குத்தான் கொடுக்கின்றன. சென்னையிலேயே 1990-களிலிருந்து சிறுவர் படக்கதைகளைப் பல மொழிகளில் சிறப்பாக வெளியிட்டுவரும் தூலிகா போன்ற பதிப்பகங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அனுப்ப நினைத்தால், செப்பனிட்ட 300 சொற்களை மட்டும் அனுப்புங்கள். ஓவியரைத் தாமே தேர்ந்தெடுக்கவே பெரும்பாலான பதிப்பகங்கள் விரும்பும். மறுமொழிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், மறுப்பும் வரலாம்.

உங்கள் மாணவர்கள் இந்த ஆண்டே படிக்க வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. இங்கேயே டிஜிட்டல் அச்சில் 100 படிகள் அச்சிடுங்கள். ஆஃப்செட் அச்சுக்குத் தகடு செய்யும் செலவு இருப்பதால் ஆயிரம் படி அளவில்தான் அது மலிவாகும். நூறு படிக்கு டிஜிட்டலே ஏற்றது. கடைகளிலும் நூலகங்களிலும் வைப்பதானால் ஐஎஸ்பிஎன் என்ற 13 இலக்கப் புத்தக அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்; தேசிய நூலகத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய படிகளையும் கணக்கில் சேர்த்து அச்சிடுங்கள். பணமே செலவிட இயலாது என்றால், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் கதையை இலவசமாக வெளியிடலாம். ஆனால் அங்கே வெளியிடுவது திறந்த உரிமத்தின் கீழ் என்பதை நன்றாக அறிந்து செய்யுங்கள். உங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். திரும்பப் பெற முடியாத அனுமதி அது. ஓர் ஆசிரியருக்கு இதில் இழப்பைவிட மகிழ்ச்சியே அதிகம் என்று நான் கருதுகிறேன். முடிவு உங்களுடையது, உங்கள் அக்கா மகனுடையதும்கூட.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அச்சுக்குப் போகும் முன் வெறும் தாள்களை மடித்துத் தைத்து, வரிகளைக் கையால் எழுதி, படங்களைப் பென்சிலில் வரைந்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். அதை நீங்கள் வகுப்பில் படிக்காதீர்கள். உங்கள் குரல் குறைகளை மறைத்துவிடும். மூன்று தாய்மாரிடம் கொடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லி, நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்திருங்கள். அவர்கள் நிற்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கோயில்களில் நடக்கும் மாலைநேரத் தமிழ் வகுப்பு இதற்கு ஏற்ற இடம். மூவரும் ஒரே இடத்தில் நின்றால் அந்த வரியை மாற்றுங்கள், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்த வரியாக இருந்தாலும்.

அந்தப் புள்ளிகளோடு மாதிரிப் புத்தகத்தை எனக்கு அனுப்பிவையுங்கள். வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன். அதற்குள் ஒன்றை மட்டும் முடிவு செய்துவிடுங்கள்: வலையை இறுக்கிக் கட்டும்போது மேல் கிளையில் வலைக்கு வெளியே தாத்தா எத்தனை கொத்து லிச்சியை விட்டுவைக்கிறார், அதை வள்ளி கேட்டு விடுகிறாரா, கேட்காமலே விடுகிறாரா?

அன்புடன்,
சிறுவர் நூல் செப்பனிடுநர், ரோஸ் ஹில்